ஆய்வுக் குழுவை அளக்கும் கோல்

பல்கலைக்கழக ஆய்வு பற்றிய மதிப்பீடு இன்று பெரும்பாலும் எண்களின் வசப்பட்டுவிட்டது. கட்டுரைகள் எத்தனை, அவை பிறரால் எத்தனை முறை எடுத்தாளப்பட்டன, வெளியிட்ட சஞ்சிகையின் தரம் யாது என்பனவே முதலிற் கேட்கப்படுகின்றன. 2005இல் ஹேர்ஷ் என்னும் பௌதிகவியலாளர் வகுத்த எச்-சுட்டெண், ஓர் ஆய்வாளரின் வாழ்நாள் உழைப்பை ஒற்றை எண்ணுள் அடக்கிற்று. இப்போக்கிற்கு எதிரான குரல் உயிரியலாளரிடமிருந்தே எழுந்தமை கவனிக்கத்தக்கது. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடியோர் வகுத்து மறு ஆண்டு வெளியிட்ட பிரகடனம், சஞ்சிகையின் தரச் சுட்டெண்ணைக் கொண்டு தனி ஆய்வாளரை எடைபோடலாகாது என்றது. எனினும் அதன் கவனமும் பெரிதும் தனியாளின் மீதே படிந்திருந்தது. உயிரியல் ஆய்வோ உயிரிகளை வளர்ப்பவர், படம் பிடிப்பவர், கணிப்பவர், நிதி தேடுபவர் எனப் பலர் கூடிச் செய்யும் தொழில். அக்கூட்டு எவ்வாறு ஒழுங்கமைந்துள்ளது என்பதை எந்த எண் காட்டும்?

இலண்டன் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரி இதற்குத் தக்க சான்று. டி.என்.ஏ. அமைப்புப் பற்றி 1953 ஏப்பிரல் 25இல் 'நேச்சர்' இதழில் ஒருசேர வெளிவந்த மூன்று கட்டுரைகளுள் இரண்டு அக்கல்லூரியினுடையவை. அங்கு பணியாற்றிய மொறிஸ் வில்கின்ஸ் 1962இல் நொபெல் பரிசிலும் பங்கு பெற்றார். எண்ணிக்கையை மட்டும் நோக்குபவர் இதனை முதன்மையான குழு என்றே தீர்ப்பளிப்பர். உள்ளே இருந்த நிலை வேறு. பிரிவின் தலைவர் யோன் றான்டல், எக்ஸ்-கதிர் வேலை றொசலின்ட் பிராங்கிளினுக்கும் மாணவர் றேமண்ட் கொஸ்லிங்குக்கும் உரியது என 1950 டிசம்பரில் பிராங்கிளினுக்கு எழுதினார். அதே பொருளில் முன்பே ஈடுபட்டிருந்த வில்கின்ஸ் அக்கடிதத்தைக் காணவில்லை. புதிதாக வருபவர் தமக்குத் துணையாக வருகிறார் என்றே அவர் எண்ணினார். ஈராண்டுப் பிணக்கு இதிலிருந்து விளைந்தது. அதனை இருவரின் குணவேறுபாடாக விளக்குவோர் பலர். அவ்விளக்கம் தலைவரின் பொறுப்பை மறைத்துவிடுகிறது. 1953இல் பிராங்கிளின் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேர்க்பெக் கல்லூரிக்குச் சென்றார். அங்கே புகையிலைச் சித்திரவடிவ வைரசு பற்றிய ஆய்வில் தாமே ஒரு குழுவை நடத்தினார். அக்குழுவில் இணைந்த ஏரன் குளூக் பின்னர், 1982இல், நொபெல் பரிசு பெற்றார். ஆள் ஒருவரே; மாறியது ஒழுங்கமைப்பு.

இதற்கு மறுதலையாகக் காட்டப்படுவது நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தோமஸ் ஹன்ட் மோகன் நடத்திய 'ஈ அறை'. பதினாறு அடி அகலமும் இருபத்துமூன்று அடி நீளமும் கொண்ட அவ்வறையில் எட்டு மேசைகள் நெருக்கியடித்திருந்தன. பாற்போத்தல்களும் வாழைப்பழமுமே அங்கு முதன்மையான உபகரணங்கள். 1910இல் மோகன் வெண்கண் பழ ஈயைக் கண்டபின், அல்பிரட் ஸ்ரேட்டெவன்டும் கல்வின் பிறிட்ஜசும் இளமாணி வகுப்பு மாணவராக இருக்கும்போதே அங்கு இடம் பெற்றனர். போத்தல் கழுவ அமர்த்தப்பட்ட பிறிட்ஜஸ், கழுவவிருந்த போத்தலின் கண்ணாடியினூடே புதிய கண்நிற விகாரம் ஒன்றைக் கண்டறிந்தார். ஸ்ரேட்டெவன்ட் 1911இல் ஓர் இரவு தம் வகுப்பு வேலையை ஒதுக்கிவிட்டு, நிறமூர்த்தத்திற் பரம்பரையலகுகள் அமைந்த வரிசையை முதன்முதலாக வரைந்தார். 1913இல் அது வெளிவந்தபோது ஆசிரியர் பெயராக ஸ்ரேட்டெவன்டின் பெயர் மட்டுமே இருந்தது. தம் மாணவரின் கட்டுரை ஒவ்வொன்றிலும் பெயர் பொறிக்கும் பேராசிரியர் மலிந்த காலத்தில் இது எண்ணிப்பார்க்கத்தக்கது. 1915 முதல் வாஷிங்டன் கார்னகி நிறுவனத்தின் நிதி கிடைத்தமையால், கற்பித்தற் சுமையின்றி அவ்விருவரும் ஆய்விலே நிலைக்க முடிந்தது. விகார ஈக்களின் வளர்ப்புகள் கேட்ட ஆய்வுகூடங்களுக்கெல்லாம் கட்டணமின்றி அனுப்பப்பட்டன. 1933இல் கிடைத்த நொபெல் பரிசுப் பணத்தை மோகன் தம் பிள்ளைகளுக்கும் அவ்விருவரின் பிள்ளைகளுக்குமாகப் பகிர்ந்தார்.

ஆயினும் இக்குழுவைக் குறையற்றதெனப் போற்றுவது திறனாய்வாகாது. நான்காமவரான ஹேமன் முல்லருக்கு அறையில் மற்ற இருவருக்கும் இருந்த நிலையான இடம் வாய்க்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வேறிடங்களிற் கற்பித்தபடியே வந்துபோனார். பேச்சில் தாம் வெளியிட்ட கருத்துகள் உரிய ஒப்புகையின்றிப் பிறர் பணியிற் கலந்துவிட்டன என்ற மனக்குறை அவருக்கு நெடுங்காலம் இருந்தது. ஸ்ரேட்டெவன்டோ, கருத்து எவருடையது என்று அங்கு எவரும் கணக்குப் பார்க்கவில்லை என்பதையே அவ்வறையின் சிறப்பாக நினைவுகூர்ந்தார். இரு கூற்றும் ஒரே நடைமுறையைப் பற்றியனவே. கணக்கின்மை உள்ளே உறுதியாக அமர்ந்தவனுக்குச் சுதந்திரம், வாசலில் நிற்பவனுக்கு இழப்பு. லிலியன் மோகனின் நிலை இன்னும் கூர்மையானது. இணைந்த எக்ஸ் நிறமூர்த்தங்களைக் கண்டு 1922இல் தம் பெயரிலேயே வெளியிட்ட அவருக்கு, கணவர் மோகன் 1945இல் இறக்கும்வரை முறையான பதவி எதுவும் வழங்கப்படவில்லை. நட்பால் இயங்கும் குழுவில், எழுதப்பட்ட விதி இல்லாத இடத்தில், பழைய வழக்கமே விதியாகிவிடுகிறது.

பிரித்தானியா 1986 முதல் பல்கலைக்கழக ஆய்வைத் தவணைதோறும் மதிப்பிட்டு வருகிறது. 2014ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 'ஆய்வுச் சூழல்' என்னும் கூற்றுக்கு நூற்றுக்குப் பதினைந்து புள்ளிகள் ஒதுக்கப்பட்டன. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் அச்சூழலை விவரிக்கும் அறிக்கையை எழுதுவது மதிப்பிடப்படும் தரப்பே. அத்தகைய அறிக்கையொன்று 1952இல் கிங்ஸ் கல்லூரியிடம் கேட்கப்பட்டிருப்பின் அதனை றான்டல் எழுதியிருப்பார். கொலம்பியாவில் மோகன் எழுதியிருப்பார். கொஸ்லிங், முல்லர், லிலியன் மோகன் ஆகியோரிடம் எவரும் கேட்டிருக்கமாட்டார்.