நிழற்படக் கலையிற் சுவரும் வேலியும்: ஒரு விமரிசன நோக்கு

தமிழில் இக்கலைக்கு வழங்கிவரும் பெயர்களுள் ‘புகைப்படம்’ என்பதிலும் ‘நிழற்படம்’ என்பதே பொருத்தமுடையது எனலாம். பழஞ்சுவரொன்றில் விழும் நிழலையும் அதன் வெடிப்பிற் கிளைத்த செடியையும் படமாக்கும் நாட்டம் இன்று பரவலாகக் காணப்படுகிறது. யாழ்ப்பாணத்திற் கைவிடப்பட்ட வீடுகளின் சுவர்கள் இவ்வகைப் படங்களிற் பெரிதும் இடம்பெறுகின்றன. அவற்றின் அழகு மறுக்கத்தக்கதன்று. ஆயின், அவ்வழகு எதனைக் காட்டி எதனை மறைக்கிறது என்பது விமரிசனத்திற்குரிய வினாவாகும்.

நிழற்படக் கலையின் தொடக்கத்திலேயே சுவர் அதனுட் புகுந்துவிட்டது. இதற்கு அழகியற் காரணத்திலும் தொழில்நுட்பக் காரணமே முந்தியது. ஆங்கிலேயரான வில்லியம் ஹென்றி ஃபொக்ஸ் ரல்பொட் 1841இற் காப்புரிமை பெற்ற ‘கலோரைப்’ முறையில், அசைவது எதுவும் தெளிவாகப் பதிவதில்லை. ஒளி நெடுநேரம் விழவேண்டியிருந்தது. சுவரோ அசையாதது. 1844 ஏப்ரலில் அவர் எடுத்த ‘திறந்த கதவு’ என்னும் படம், 1844 முதல் 1846 வரை ஆறு பகுதிகளாக வெளிவந்த ‘இயற்கையின் எழுதுகோல்’ என்ற நூலின் ஆறாவது படமாக அமைந்தது. லாக்கொக்கில் அவரது மாளிகையைச் சேர்ந்த கட்டிடமொன்றின் வாயில், அதிற் சாய்த்து வைக்கப்பட்ட விளக்குமாறு, அதன் சாய்வுக்கு இணையாகக் கதவிற் சரிந்து விழும் நிழல், ஒரு விளக்கு, குதிரைக் கடிவாளம், கல்லைப் பற்றி ஏறும் செடி. உள்ளே இருள். அன்றாடப் பொருள்களை வரைந்த ஒல்லாந்த ஓவியரை ரல்பொட் தமக்குச் சான்றாகக் கொள்கிறார். இப்படத்தின் முன்னைய வடிவொன்றை அவருடைய தாயார் ‘விளக்குமாற்றின் தனிமொழி’ என்று அழைத்தார். விளக்குமாறு பேசுகிறது, அதனாற் கூட்டிப் பெருக்கிய வேலையாள் படத்தில் இல்லை. ஆட்களை அசையாது நிற்கவைத்து எடுத்த ‘ஏணி’ போன்ற படங்களும் அதே நூலில் உள்ளமையால், இவ்வின்மையைத் தொழில்நுட்பக் குறைபாடாக மட்டும் கொள்ளமுடியாது. அது ஒரு தெரிவு. பழஞ்சுவர்ப் படங்கள் பலவற்றில் இத்தெரிவு இன்றும் தொடர்கிறது.

அமெரிக்கரான போல் ஸ்ராண்டின் வளர்ச்சி இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. 1916இல் நியூயோர்க் மாநிலத்தின் போர்ட் கென்ற்றில் அவர் எடுத்த ‘வெள்ளை வேலி’யில், ஒழுங்கற்ற மரச்சட்டங்கள் கரிய நிலத்தின் முன் நேர்முகமாக நிற்கின்றன. வேலி யாருடையது என்ற வினா அங்கு எழுவதில்லை. வெளுப்பும் கருமையும் மாறிவரும் சந்தமே படம். அதே ஸ்ராண்ட் 1953இல் இத்தாலியின் லுசாரா என்னும் ஊரில் எடுத்த குடும்பப் படத்திலும் பழஞ்சுவர் உண்டு, வாயிலின் இருளும் உண்டு. ஆனால் ரல்பொட்டின் படத்தில் வெறுமையாயிருந்த வாயிலில் இங்கு ஒரு தாய் நிற்கிறாள். புதல்வர் ஐவர் அவளைச் சூழ உள்ளனர், சைக்கிளொன்றும் இருக்கிறது. சவற்றீனியின் உரையோடு 1955இல் வெளிவந்த நூலில் ஊரவரின் வாழ்க்கையும் பேச்சும் படங்களோடு இணைந்து வருகின்றன. சுவரின் காரை பெயர்ந்திருப்பது அங்கு வெறும் மேற்பரப்பன்று, அவ்வீட்டாரின் வாழ்நிலை.

ஆரன் சிஸ்கிண்ட் எதிர்த்திசையிற் சென்றவர். 1930களில் ஹார்லெம் மக்களின் வாழ்வைப் பதிவுசெய்த அவர், 1940களில் உரிந்த வர்ணத்தையும் சுவர்க் கறைகளையும் அணுகி, அவற்றை ஏறக்குறைய நவீன ஓவியங்களாக்கினார். இதனை மக்களைக் கைவிட்ட செயலெனக் கண்டிப்பது எளிது. ஆயின் சிஸ்கிண்டிடம் ஒரு நேர்மை உண்டு: அவர் சுவரின் சோகத்தை விற்கவில்லை. மனிதரை விலக்கிவிட்டு அவரைப் பற்றிய ஏக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் இடைப்பட்ட வகையே, அதாவது ‘காலத்தின் சுவடுகள்’ போன்ற தலைப்புகளோடு ஊரும் ஆண்டுமின்றி வரும் படங்களே, உண்மையிற் குறைபாடுடையன.

ஏனெனில் யாழ்ப்பாணத்துச் சுவருக்கு ஆண்டு உண்டு. ஆல், அரசு, இத்தி ஆகியவற்றின் பழங்களைத் தின்னும் பறவைகளும் வௌவால்களும் எச்சத்தோடு விதைகளைச் சுவர் வெடிப்புகளில் இடுகின்றன. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தைப் பிடித்து வைப்பதால் அவை அங்கு முளைக்கின்றன. வீட்டில் ஆளிருந்தால் கன்று விரலளவாயிருக்கும்போதே பிடுங்கி எறியப்படும். ஆகவே சுவரைப் பிளந்து நிற்கும் அடிமரத்தின் பருமன், அதனைப் பிடுங்குவதற்கு அங்கு எவரும் இல்லாதிருந்த ஆண்டுகளின் அளவாகும். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் சோனகத் தெரு வீடுகளும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தபோது கைவிட்ட வீடுகளும் ஒரே கணக்கில் அடங்குவன அல்ல. தலைப்பற்ற படத்திலோ இரண்டும் ஒரே வேர்; ஒரே நிழல். நிழல் நாளின் பொழுதைக் காட்டுகிறது, மரம் ஆண்டுகளைக் காட்டுகிறது. சன்னம் பட்ட குழியோ காரணத்தையே காட்டுகிறது. ஒளியமைப்பின் பொருட்டு இம்மூன்றாவதைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளுபவர் கலைஞராயிருக்கலாம், சாட்சியாகார்.

வேலியின் நிலை மேலும் சிக்கலானது. கிடுகாலும் பனையோலையாலும் அடைக்கப்பட்ட வேலி, ஓட்டைகளூடாக வெயிலைச் சிந்தும் அழகுடையது. படமெடுப்போர் அதனை விரும்புவதில் வியப்பில்லை. அயல்வீட்டார் போய்வரும் ‘பொட்டு’ம் அவ்வேலியில் இருந்தது. மதில் வந்ததும் பொட்டு மறைந்தது. ஆனால் வேலியை உறவின் சின்னமாக மட்டும் காண்பது அரைப் பார்வையே. ஆண்டுதோறும் வேலி அடைக்கும்போது அயலவன் காணிக்குட் சற்றே தள்ளி நடப்பட்ட கதியால்கள் எத்தனையோ எல்லை வழக்குகளை நீதிமன்றம்வரை கொண்டுசென்றன. சாதி இறுக்கத்தைக் காத்து நின்றதும் அதே வேலியே. கிடுகுநிழலின் மென்மையில் இவை தோன்றுவதில்லை.

கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகிய கதியால்கள் உயிருள்ளவை. ஓலை உக்கிப் போனாலும் அவை வேர்விட்டு மரமாகின்றன. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோரின் காணிகள் போருக்குப் பின் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, வீடுகள் தரைமட்டமாகிப் பற்றைக்காடான நிலத்திற் கிணறும் பழைய மரங்களுமே காணியை இனங்காண உதவின. அத்தகைய பூவரசொன்றின் இலைநிழலை மட்டும் கிட்டநின்று எடுத்தால் அது இனிய படமாகும். படமெடுப்பவர் பத்தடி பின்னே சென்றால், அம்மரம் தனித்து நிற்கவில்லை என்பதும், பற்றைக்கிடையே நேர்கோட்டில் அடுத்தடுத்து நிற்கும் மரங்களுள் ஒன்று என்பதும் தெரியவரும். அக்கோடு ஒருவரது காணியின் எல்லை.