பழவேற்காடு: நடப்பவருக்கு உகந்த ஊரா?

சென்னைக்கு வடக்கே நடந்து பார்க்கவும் சைக்கிள் ஓட்டவும் ஓர் இடம் சொல்லுங்கள் என்றால் பலர் பழவேற்காட்டைத்தான் சொல்கிறார்கள். பொன்னேரி வரை புறநகர் ரயில். அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் மேடுபள்ளமில்லாத சாலை. போய்ச் சேரும் இடம், சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி. டச்சுக்காரர் கல்லறை, கலங்கரை விளக்கம், கடல், குளிர்காலத்தில் பூநாரைகள் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். இந்தப் புகழ்ச்சி தகுமா என்று நிதானமாக எடைபோட வேண்டியிருக்கிறது. தோணிரேவு, கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என்று ஏரியை நம்பிப் பிழைக்கும் ஊர்களின் ஓரமாகத்தான் இந்த நடை நடக்க வேண்டும். ஆகவே வருகிறவரின் மகிழ்ச்சியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அளவுகோலை இங்கிலாந்திலிருந்து எடுக்கிறேன். நடப்பவருக்கென்று இவ்வளவு ஏற்பாடு செய்த நாடுகள் குறைவு. அங்கே பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலைப்பகுதியில் கிண்டர் ஸ்கௌட் என்றொரு மேட்டுநிலம் உண்டு. பறவை வேட்டைக்காகப் பிரபுக்கள் அதை அடைத்து வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புற நடைவழிகளுக்குமான சட்டம் வந்தது. 1951இல் அதே மலைப்பகுதி அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது. 1968இல் வந்த சட்டம் குதிரைப் பாதைகளில் சைக்கிளுக்கும் உரிமை கொடுத்தது. மிட்லேண்ட் ரயில்பாதை கைவிடப்பட்ட இடத்தில் இன்று மோன்சல் தடம் ஓடுகிறது. பழைய ரயில் சுரங்கங்களுக்குள் சைக்கிள் போகிறது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது 1949 சட்டத்தின் ஒரு விதி. ஒவ்வொரு மாவட்ட மன்றமும் தன் எல்லைக்குள் உள்ள பொதுநடைவழிகளை வரைபடத்தில் குறித்தாக வேண்டும். குறித்த வழியை நில உரிமையாளர் அடைக்க முடியாது. தேவாலயத்துக்கும் மாவு மில்லுக்கும் சந்தைக்கும் ஊரார் தலைமுறை தலைமுறையாக நடந்த ஒற்றையடிப் பாதைகள் அப்படித்தான் சட்டத்துக்குள் வந்தன. இவை சுற்றுலாவுக்காகப் புதிதாகப் போட்ட பாதைகள் அல்ல. உள்ளூர்க்காரரின் வழி முதலில் உறுதியானது. வெளியூர்க்காரர் அதில் நடக்கும் உரிமை பெற்றார்.

இந்த அளவுகோலோடு பழவேற்காட்டுக்கு வருவோம். இயற்கையைப் பொறுத்தவரை தாராளமாக மதிப்பெண் போடலாம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது. தமிழ்நாட்டுக்கு உள்ளது தென்முனை மட்டுமே. இருந்தும் ஆரணியாறு கலப்பதும் முகத்துவாரம் வழியே கடல் பெரும்பாலும் உள்ளே வருவதும் இந்தத் தென்முனையில்தான். பல இடங்களில் இடுப்பளவுக்கு மேல் தண்ணீர் இல்லை. அந்த ஆழமின்மைதான் பூநாரையையும் கூழைக்கடாவையும் இங்கே இழுத்து வருகிறது. இறாலும் நண்டும் மடவையும் வளர்வதும் அதனால்தான். பறவைகளைப் பார்க்கக் கரையில் நின்றாலே போதும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்கலாம். மற்ற மாதங்களில் வெயிலுக்கு ஒதுங்க மரம் இல்லை. சித்திரை வெயிலில் குடும்பத்தோடு வருகிறவர்கள் உடலை வருத்திக்கொள்வார்கள், வேறெதுவும் கிடைக்காது.

வரலாற்றுக்கு அவ்வளவு மதிப்பெண் தர முடியவில்லை. 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைமையிடம். இன்று அது சீமைக்கருவேலம் மூடிய மேடு. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள கல்லறைத் தோட்டம் நன்றாக நிற்கிறது. வாசலில் செதுக்கிய எலும்புக்கூட்டு உருவங்களும் கற்பலகைகளின் எழுத்துவேலையும் நின்று பார்க்கத் தகுந்தவை. ஆனால் கல்லறையோடு கதை முடிந்துவிடுகிறது. இதே துறைமுகத்திலிருந்து பழவேற்காட்டுத் துணி தென்கிழக்காசியாவுக்குப் போனது. ஆயிரக்கணக்கான தமிழர்களும் தெலுங்கர்களும் அடிமைகளாக டச்சுக்காரரின் பத்தேவியா நகருக்குக் கப்பலேற்றப்பட்டதும் இங்கிருந்துதான். கல்லறையில் படுத்திருக்கும் வணிகரின் பெயரைச் சொல்லிவிட்டு அவர் ஏற்றி அனுப்பிய மனிதரைச் சொல்லாத வரலாற்று நடை என்னைப் பொறுத்தவரை பாதி நடைதான்.

சைக்கிள்காரருக்குப் பொன்னேரிச் சாலையும், ஊரிலிருந்து பாலம் கடந்து கலங்கரை விளக்கம் போகும் வழியும் போதும். கடற்கரை மணலில் சைக்கிள் புதையும், அங்கே அதற்கு வேலையில்லை. நீர் வற்றிய ஏரித்தரையில் ஓட்டவே கூடாது. இரை தேடும் பறவைக்கும் இறால் தேடும் மனிதருக்கும் அது வேண்டிய இடம். உண்மையில் அருமையான தடம் ஒன்று உண்டு, அது கைவிடப்பட்டுக் கிடக்கிறது. 1806இல் காக்ரேன் கால்வாயாகத் தொடங்கிப் பின்னர் பக்கிங்காம் கால்வாய் ஆன நீர்வழியின் கரை அது. ஒருகாலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் எண்ணூர் வழியாகச் சென்னைக்குப் போன வழி. மோன்சலில் கைவிட்ட ரயில்பாதைக்குச் செய்ததை இந்தக் கால்வாய்க் கரைக்குச் செய்திருக்கலாம். ஆனால் எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையங்களின் சாம்பலும் தொழிற்சாலை மதில்களும் வழியை மறிக்கின்றன. எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை தடையில்லாமல் கரையோரமாக நடக்க முடிந்தால், தமிழ்நாட்டின் சிறந்த நடைவழிகளில் ஒன்றாக அது இருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

படகுச் சவாரி வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியில் சுற்றுலாப் பயணிகள் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சவாரிக்குத் தடை வந்தது. தடைக்குப் பிறகும் கரையில் நின்று பேரம் பேசுகிறவர்கள் உண்டு. பேரம் பேசும் பயணியைத்தான் நான் குறை சொல்வேன். மீன் கிடைக்காத நாளில் மீனவர் மறுப்பது கடினம். பயணி கேட்காமலிருப்பது சுலபம். பூநாரைக் கூட்டத்தின் அருகே படகு விட்டு, அவை எழும்பிப் பறப்பதைப் படம் எடுப்பதும் இதோடு சேர்ந்த தீங்கு.

இனி, எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி. ஏரிக்கரை யாருடைய இடம்? தோணிரேவு போன்ற ஊரில் கரை என்பது வேலைத்தளம். படகு ஏற்றுவதும் வலை உலர்த்துவதும் நண்டு பிரிப்பதும் அங்கேதான். ஏரிக்குள்ளும் காலி இடம் என்று எதுவும் கிடையாது. பாடு முறை என்ற பழைய ஏற்பாட்டில், எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைக்கிறது. முறைக்கு வெளியே நிற்பவர்களும் இருக்கிறார்கள். இருளர்கள் தண்ணீருக்குள் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அவர்கள் போகும் தடங்களும், கூடையோடு பெண்கள் நடக்கும் தடங்களும் ஏதாவது அரசு வரைபடத்தில் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, மீனவ ஊர்களையும் அவர்களின் பொதுச் சொத்துகளையும் மீன் உலர்த்தும் இடங்களையும் சாலைகளையும் புல வரைபட அளவில் குறிக்கச் சொன்னது. இங்கிலாந்தின் 1949 விதிக்கு நம்மிடம் உள்ள நெருங்கிய உறவு இதுதான். அதைச் செய்து முடிக்கும் அக்கறைதான் நம்மிடம் குறைவு.

சுற்றுலா வந்தால் வருமானம் வருமே என்பார்கள். வரும். சாப்பாட்டுக் கடைக்கும், பனையோலைப் பெட்டி முடையும் பெண்களுக்கும், வழிகாட்டும் இளைஞருக்கும் அது உதவும். அந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் விடுதியும் வாகன நிறுத்தமும் வேலியும் முதலில் வந்தால், வலை உலர்ந்த இடம்தான் முதலில் போகும். இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. இங்கிலாந்தில் பிரபுக்கள் அடைத்த நிலத்தைத் திறக்கச் சட்டம் வந்தது. இங்கே நிலம் திறந்துதானே கிடக்கிறது, சட்டம் எதற்கு? திறந்து கிடப்பதால்தான் தேவை. பதிவில் இல்லாத வழியை ‘யாரும் பயன்படுத்தாத நிலம்’ என்று எழுதிவிடுவது எளிது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தை எதிர்த்து இந்த ஊர்கள் போராடி வருகின்றன. 2021 ஜனவரியில் நடக்கவிருந்த பொதுக்கருத்துக் கேட்பு தள்ளிப்போனது. திட்டம் கைவிடப்பட்டுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. குறித்து வைத்த நடைவழி ஒவ்வொன்றும் அப்படிப்பட்ட நாளில் ஊராரின் கையில் ஒரு சான்று.

ஆகவே என் முடிவு இது. பழவேற்காடு நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் தகுந்த ஊர்தான். சுற்றுலா மையமாக ‘மேம்படுத்த’ அது தகாது. புதுப் பாதையும் படகுக் குழாமும் வேண்டாம். திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் முதலில் செய்ய வேண்டியது, மீனவ ஊர்களையும் இருளர் குடியிருப்புகளையும் உட்கார வைத்து, அவர்கள் காட்டும் வழிகளைப் புல வரைபடத்தில் ஏற்றுவது. எந்த வழியில் வெளியார் நடக்கலாம், எந்த மாதத்தில் கூடாது என்று அந்த ஊர்களே சொல்லட்டும். அதுவரை போகிறவர்கள் ரயிலில் போங்கள், கரையிலேயே நில்லுங்கள், மீனை அங்கேயே காசு கொடுத்து வாங்குங்கள். யாராவது படகுக்குக் கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.