வரம்பு மட்டும் போதுமா?

"வரம்புடைய தொடர்முறையா? அப்படியென்றால் வலுவற்று ஒருங்கும் உட்தொடர்முறை கட்டாயம் உண்டு." ரெட்டியார்பாளையத்தில் நெட் தேர்வுக்குப் படிக்கும் முதுகலை மாணவர்களிடமிருந்து இதை அடிக்கடி கேட்கிறேன். முடிவிலாப் பரிமாண நார்ம் வெளிகள் எல்லாவற்றிலும் இது நிற்குமா?

முதலில் அவர்கள் பக்க நியாயம். எல்-2 வெளியில், ஓரிடத்தில் 1, மற்ற இடங்களில் 0 கொண்ட அலகு வெக்டர்களை வரிசையாக எடுப்போம். எந்த இரண்டுக்கும் இடைத்தூரம் √2. ஆகவே நார்மில் எந்த உட்தொடர்முறையும் ஒருங்காது. ஆனால் வேறெந்த வெக்டரோடு உட்பெருக்கினாலும் அதன் கூறுகளே வரிசையாக வரும். அவை 0-வை நெருங்கும். வலுவற்ற எல்லை 0.

அதே வெக்டர்களை எல்-1-இல் வைத்தால் கதை மாறுகிறது. எந்த உட்தொடர்முறையைத் தேர்ந்தாலும், அதன் இடங்களில் +1, -1 என மாற்றி மாற்றி மதிப்பிடும் சார்பகம் ஒன்று அதை ஒருங்க விடாது. எல்-1-இல் வலுவற்று ஒருங்கும் தொடர்முறை நார்மிலும் ஒருங்கும் என்று ஷூர் 1921-இலேயே நிறுவினார். சி-0 வெளியின் குறை வேறு. முதல் சில இடங்களில் 1, பிறகு 0 என்று நீளும் வெக்டர்களின் நார்ம் 1. ஒவ்வொரு சார்பகத்தின் மதிப்பும் ஒருங்குகிறது. ஆனால் எல்லையாக வேண்டிய 'எங்கும் 1' அந்த வெளியிலேயே இல்லை.

தவறு எங்கே என்பதை எபர்லைன்-ஷ்முலியன் தேற்றம் துல்லியமாகக் காட்டுகிறது: பனாக் வெளி ரிஃப்ளெக்சிவாக இருந்தால், இருந்தால் மட்டுமே, அந்தக் கூற்று மெய். மறுதிசையில் நிபந்தனையே வேண்டாம். வலுவற்று ஒருங்கும் எந்தத் தொடர்முறையும் வரம்புடையதுதான்.

கிடைத்த எல்லையை எப்படிக் கையாள்வது என்பது அடுத்த கேள்வி. சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய எஸ். கேசவன் 1979-இல் ஆராய்ந்த ஹோமோஜினைசேஷன் துறையின் சிக்கலே இதுதான்: வலுவற்று ஒருங்கும் இரண்டின் பெருக்கம், எல்லைகளின் பெருக்கத்துக்குப் பொதுவாகப் போவதில்லை. வெப்பங்கடத்துதிறன் 1, 4 உள்ள மெல்லிய அடுக்குகளைச் சம தடிமனில் மாற்றி மாற்றி அடுக்கி, குறுக்கே வெப்பத்தைச் செலுத்துங்கள். கடத்துதிறனின் வலுவற்ற எல்லை 2.5, உண்மையில் செயல்படுவதோ இசைச் சராசரியான 1.6.

ஆகவே என் தீர்ப்பு: 'ரிஃப்ளெக்சிவ்' என்ற சொல் இல்லாத அந்தக் கூற்று பிழை, விடைத்தாளில் அதற்கு மதிப்பெண் தரக்கூடாது. அச்சொல்லோடு சேர்ந்தால், போல்சானோ-வையர்ஸ்ட்ராஸ் தேற்றம் கைவிட்ட இடத்தில் நமக்குள்ள மிக உறுதியான கருவி அதுவே. நேரியல் சமன்பாடுகளில் அதை நம்பிப் பயன்படுத்தலாம். பெருக்கம் குறுக்கிட்டால் தனி நிரூபணம் வேண்டும்.