கிணற்றில் கிடந்த ஜாடி

கோவளத்தில் இன்று நட்சத்திர விடுதி நிற்கும் கடற்கரையில் ஒரு காலத்தில் கோட்டை இருந்தது. 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்த கதையை வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதி வைத்திருக்கிறார். கரைக்கு எதிரே நங்கூரமிட்ட கப்பலொன்று ஆபத்து என்று சைகை காட்டியது. மாலுமிகளில் பலர் ஸ்கர்வி நோயில் செத்துவிட்டார்கள், மிச்சமிருப்பவர்களையாவது கரையேற விடுங்கள் என்று கெஞ்சினார்கள். நல்ல பணம் கிடைக்குமென்ற ஆசையில் கோட்டையிலிருந்த ஆர்க்காட்டு நவாபின் அதிகாரி சம்மதித்தார். நோயாளிகளாக நடித்து உள்ளே வந்த முப்பது பேரின் உடைக்குள்ளும் ஆயுதம் இருந்தது. அன்றிரவே கோட்டை கைமாறியது.

அது போர். எதிரியை ஏமாற்றியதில் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அதே வேடத்தை ஓர் அரசாங்கம் தன்னை எதிர்த்துப் பேசும் சொந்தக் குடிகளின் வீட்டுக்குள் அனுப்பினால் அதை எப்படி எடைபோடுவது? இதே கடலோரமாகத் தெற்கே போனால் வரும் புதுச்சேரியில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது.

பிரிட்டிஷ் ஆட்சியின் பிடிக்குத் தப்பி 1908-இல் பாரதி அங்கே போனார். 1910-இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார்கள். பிரெஞ்சு மண்ணில் பிரிட்டிஷ் போலீஸ் நேரடியாகக் கைவைக்க முடியாது. ஆகவே ஒற்றர்கள் வந்தார்கள். 1912 வாக்கில் ஒருநாள் ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்த பணிப்பெண்ணுக்கு ஒரு ஜாடி அகப்பட்டது. உள்ளே ராஜத்துரோகத் துண்டுப்பிரசுரங்கள், காளி படம் போட்ட காகிதங்கள். சூழ்ச்சி புரிந்துவிட்டது. ஐயர் தரப்பே முந்திக்கொண்டு பிரெஞ்சு அதிகாரிகளிடம் போய்ச் சொன்னது. மயூரேசன் என்ற உளவாளி கொடுத்த புகாரின்பேரில் அரவிந்தர் வீட்டைச் சோதனையிட வந்த மாஜிஸ்திரேட், அவர் மேசையில் கிரேக்க, லத்தீன் நூல்களைப் பார்த்து அசந்துபோய்த் திரும்பினார். மயூரேசன் ஊரைவிட்டே ஓடினான்.

என்னை அதைவிட உலுக்குவது பீரேன் ராயின் கதை. நோயாளியான நாகேன் நாக் என்பவருக்குத் துணையாக, சமையல் வேலைக்கு என்று அரவிந்தர் வீட்டுக்குள் வந்தவன் அவன். அவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே வேவு பார்த்தான். தனக்குப் பதிலாக வரும் ஆள் அடையாளம் கண்டுகொள்வதற்காக ஒருநாள் மொட்டை அடித்துக்கொண்டான். அதைப் பார்த்த இளைஞர் சுரேஷ் சக்கரவர்த்தி, தடுத்தும் கேளாமல் தானும் மொட்டை போட்டுக்கொண்டார். தன் குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று நடுங்கிப்போன பீரேன், கடைசியில் உண்மையைக் கக்கி, வாங்கிய பணத்தை அரவிந்தரின் காலடியில் வைத்தான். அந்த வீட்டில் அதுவரை யாரும் அவனைச் சந்தேகிக்கவில்லை.

அரசு தரப்புக்கும் நியாயம் உண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைச் சுட்ட வாஞ்சிநாதன் துப்பாக்கி பழகியது புதுச்சேரியில், ஐயரிடம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். கொலைச் சதி நடக்கிறதா என்று உள்ளே புகுந்து பார்ப்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் புதுச்சேரியைச் சுற்றி ஒற்றர்கள் மொய்த்துக்கொண்டிருந்தபோதே அந்தத் துப்பாக்கி வெடித்தது. சதியைப் பிடிக்காத வலை, பத்திரிகை நடத்திய கவிஞனைப் பத்து வருஷம் விடாமல் சுற்றியது. ஒற்றனுக்குப் பிழைப்பே குற்றம் கிடைப்பதில் இருக்கிறது; கிடைக்காதபோது ஜாடி தயாராகிறது.

வள்ளுவரும் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியவர்தான். வேண்டியவர், வேண்டாதவர் எல்லாரையும் வேவுபார்க்கச் சொல்கிறார். கூடவே, ஒற்றன் கொண்டுவந்ததை அவனறியாமல் இன்னொருவனை வைத்துச் சரிபார்க்கவும் சொல்கிறார். நம் அரசுகள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன. 1887-இல் பிறந்த மத்திய உளவுத்துறைக்கென்று நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் இன்றும் கிடையாது. குற்றத் தகவலை யார் கொடுத்தார் என்று சொல்லும்படி போலீஸ்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது பழைய சாட்சியச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு. 2023-இன் புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. தகவல் கொடுத்தவரின் உயிருக்கு அது காவல். ஜாடி போட்டவனுக்கும் அதுவே காவலாகிவிடக் கூடாது.

பிரிட்டனிலேயே நிலைமை மாறியிருக்கிறது. 1968-இல் தொடங்கிய ரகசியப் போலீஸ் பிரிவின் ஆட்கள் பொய்ப்பெயரில் இயக்கங்களில் சேர்ந்தார்கள். சிலர் பெண்களை ஏமாற்றிக் குடும்பமே நடத்தினார்கள். 2015-இல் அமைந்த விசாரணைக் குழு 2023-இல் தந்த இடைக்கால அறிக்கை, அந்தப் பிரிவின் 1982 வரையிலான வேலைக்கு நியாயமில்லை என்று முடிவு சொன்னது.

என் தீர்ப்பு இது. குறிப்பிட்ட வன்முறைக் குற்றம் திட்டமிடப்படுகிறது என்பதற்கு ஆதாரம் இருந்தால், நீதிபதியின் எழுத்துமூல அனுமதியுடன், கெடு வைத்து ஆள் அனுப்பலாம். வேலை முடிந்தபின் அந்தக் கோப்பை நீதிமன்றம் பார்க்க வேண்டும். ஒற்றனே தூண்டிய குற்றத்தில், அவனே வைத்த சான்றில் நிற்கும் வழக்கு அந்த இடத்திலேயே விழ வேண்டும். எழுதுகிறவர்கள், கூட்டம் போடுகிறவர்கள், அணு உலை வேண்டாம் என்று கரையில் உட்காருகிறவர்கள் வீட்டுக்குள் பொய்ப்பெயரில் யாரும் நுழையக் கூடாது.

அன்று அந்தப் பெண்ணின் வாளியில் ஜாடி தட்டுப்படாமல் போயிருந்தால், சோதனைக்கு வந்தவர்களே அதைக் கிணற்றிலிருந்து எடுத்திருப்பார்கள்.