சரளி வரிசை தெரியுமா? இசைக் கல்லூரி தேடிய கதையும் சில குறிப்புகளும்

போன வருஷம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் அக்கா போன் பண்ணினாள். "டேய், நீதான் நாலு புஸ்தகம் படிக்கிறவன். பையன் மியூசிக் காலேஜ்லதான் சேருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். எது நல்ல காலேஜ்னு பாத்துச் சொல்லு." ஒரு வாரத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். இப்போது பல மாதங்கள் ஆகின்றன. கேள்வியே தப்பு என்று புரிந்துகொள்ளவே பாதி நாள் போய்விட்டது. இதே கேள்வியோடு வேறு யாராவது அலைந்துகொண்டிருக்கலாம் என்பதால் குறித்து வைக்கிறேன்.

அக்கா வீடு வல்லூர். வடசென்னைக்கு அப்பால், 1500 மெகாவாட் அனல்மின் நிலையத்தின் பெயராக மட்டும் செய்தியில் வரும் ஊர். அக்கா வீட்டுக்காரருக்கு அங்கேதான் ஒப்பந்த வேலை. பையன் கீபோர்டு வாசிப்பான். சர்ச்சில் ஒரு அண்ணன் வாசிப்பதைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. பிறகு ஆடி மாசத்தில் மீஞ்சூர், பொன்னேரி பக்கம் போகும் ஒரு லைட் மியூசிக் குழுவில் சேர்ந்துகொண்டான். பாட்டை ஒரு தடவை கேட்டால் போதும், ரெண்டாவது தடவை கார்டோடு வாசித்துவிடுவான். பாடுகிறவர் சுருதியை மாற்றினால் இவன் கை தானாக மாறும். ஆனால் தான் வாசிப்பதற்குப் பெயர் என்ன என்று அவனுக்குத் தெரியாது.

முதலில் ப்ராஸ்பெக்டஸ்களைச் சேர்த்தேன். ஒரு நாவலை விமர்சிக்கிற மாதிரி அவற்றையும் உட்கார்ந்து விமர்சிக்கலாம்; அதுவும் ஒரு இலக்கிய வகைதான். முன்பக்கத்தில் தம்பூராவோ கிராண்ட் பியானோவோ இருக்கும். உள்ளே பிரபலமான முன்னாள் மாணவர்கள், பாடத்தாள்களின் பட்டியல், ஆடிட்டோரியம் படம். எனக்கு வேண்டியிருந்தது மூன்றே தகவல். ஒரு ஆசிரியர் முன்னால் எத்தனை பேர் உட்காருவார்கள்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பையன் தனியாக வாசித்துக்காட்ட முடியும்? சேரும் நாளில் அவனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? நான் புரட்டிய எதிலும் முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதற்கு 'அடிப்படை இசை அறிவு' என்று மூன்றே வார்த்தை.

அந்த மூன்று வார்த்தைக்குள்தான் எல்லாம் இருக்கிறது என்பது நுழைவுத் தேர்வு அன்றைக்குத் தெரிந்தது. எந்த நிறுவனம் என்பது வேண்டாம். உள்ளே இருந்த அம்மா நல்ல மாதிரிதான். "என்னப்பா வாசிப்ப?" "கீபோர்டு, மேடம்." "இங்க அது பாடம் இல்லையே. பாடுவியா? சரளி வரிசை தெரியுமா?" தெரியாது. ஒரு பாட்டுப் பாடினான். "இது என்ன ஸ்வரம்?" தெரியாது. "காது நல்லா இருக்கு. ஒரு வருஷம் யாருகிட்டயாவது அடிப்படை கத்துக்கிட்டு வா, தம்பி." மொத்தம் நாலு நிமிஷம். வெளியே வந்தவன் கேட்டான்: "மாமா, கத்துக்கத்தானே வந்தோம்?"

அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். கர்நாடக இசைப் படிப்பு சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், ஸ்வரஜதி, வர்ணம், பிறகு கீர்த்தனை என்று படிப்படியாக ஏறுவது. மூன்று வருஷப் பட்டயப் படிப்பில் முதல் படியிலிருந்து தொடங்கினால் மேலே போக நேரம் இருக்காது. வர்ணம் பாடத் தெரிந்து வந்திருக்கும் பத்துப் பேருக்கு நடுவே ஸரிகம சொல்லித்தர வேண்டிய ஒருவரை ஏன் உட்கார வைக்க வேண்டும்?

கீபோர்டு விஷயத்திலும் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கட்டைகள் நிலையான சுருதிகள். ஒரு ஸ்வரத்தை அசைத்து, பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டு, வழுக்கி இறங்குகிற கமகம் அதில் இயல்பாக வராது. (1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தையே தடை செய்திருந்தது. அதற்குச் சொன்ன முக்கியமான காரணமும் இதுதான்.) கீபோர்டு சத்யநாராயணன் போன்றவர்கள் அந்தக் கருவியிலேயே கமகத்தைக் கொண்டுவந்து கச்சேரி செய்கிறார்கள் என்பது வேறு. ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதலில் கைக்குக் கிடைப்பது கீபோர்டும் டிரம்ஸும்தான். வீணை கண்ணில் படவே படாது. ஆக, கருவியை மாற்று, தெரிந்ததை மறந்துவிடு, தெரியாததைத் தெரிந்துகொண்டு வா. வாசலில் சொல்வது இதைத்தான்.

இந்த வாசல் எப்போதும் இப்படித்தான் இருந்ததா என்று பார்க்கப் போனேன். ராஜா அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கியது 1929. சென்னையில் மத்திய கர்நாடக இசைக் கல்லூரி வந்தது 1949. இன்றைய தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி அதுதான். கச்சேரி மேடையிலிருந்து சீக்கிரமே விலகிவிட்ட முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல் முதல்வர். டி. பிருந்தா, திருப்பாம்புரம் சாமிநாத பிள்ளை எல்லாம் அங்கே வாத்தியார்கள். குருவின் வீட்டில் வருஷக் கணக்கில் இருந்து கற்றவர்கள்தான் பெல் அடித்தால் முடியும் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். குருகுலம் போய் கல்லூரி வந்ததால் இசை கெட்டது என்று புலம்பும் கட்டுரைகள் ஏராளம். எனக்கு அந்தப் புலம்பலில் உடன்பாடு இல்லை. குருவின் வீட்டுக்குள் போக முதலில் யாராவது கதவைத் திறக்க வேண்டும். எல்லாருக்கும் திறந்ததில்லை. விண்ணப்பப் படிவம் என்கிற காகிதம் அந்த வகையில் பெரிய விஷயம்.

சீர்காழி கோவிந்தராஜனை எடுத்துக்கொள்வோம். 1933இல் பிறந்தவர். சின்ன வயசிலேயே நாடகக் குழு, நடிப்பு என்று போனவர். பிறகு தமிழ் இசைச் சங்கம் நடத்திய தமிழிசைக் கல்லூரியில் சேர்ந்து 1949இல் இசைமணி பட்டம். அப்போது வயசு பதினாறு. அடுத்து மத்திய கர்நாடக இசைக் கல்லூரி. 1951இல் சங்கீத வித்வான். இந்த இரண்டு பெயர்களையும் மட்டும் எழுதி வைத்தால் நல்ல கல்லூரியில் படித்தார், பெரிய ஆளானார் என்று ப்ராஸ்பெக்டஸ் மாதிரி ஆகிவிடும். அவருடைய குரு யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நாகசுரக் குடும்பத்தில் பிறந்து புல்லாங்குழலுக்குப் போன திருப்பாம்புரம் சாமிநாத பிள்ளை. ஒரு குழல் வித்வான், ஏற்கெனவே நாடகத்தில் கத்திப் பாடிப் பழகிய ஒரு வாய்ப்பாட்டுப் பையனை வளர்த்திருக்கிறார். அந்த மேடைக் குரலை அடக்கி 'சரி' செய்யவில்லை. தியாகராயர் கீர்த்தனையும் பக்திப் பாட்டும் சினிமாப் பாட்டும் அதே வெண்கலக் குரலில்தான் வந்தன. பையன் என்ன கொண்டுவந்தானோ அதன் மேலேயே கட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இதற்குப் பிறகு அக்காவிடம் "எது நல்ல காலேஜ்" என்பதை விட்டுவிட்டு "யார் சொல்லிக் கொடுக்கிறாங்க" என்று கேட்க ஆரம்பித்தேன். அதுவும் பாதி உதவிதான். வல்லூரிலிருந்து யார் யாரைத் தெரிந்துவைத்திருக்க முடியும்?

தூரமும் சேர்ந்துகொள்கிறது. அரசு இசைக் கல்லூரி இருப்பது கிரீன்வேஸ் சாலையில், அடையாற்றங்கரையில். ஜேம்ஸ் பிராடி என்ற கம்பெனி அதிகாரி பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய மாளிகை. அவர் அதே ஆற்றில் மூழ்கிச் செத்தார் என்பது தனிக்கதை. அத்திப்பட்டு புதுநகரில் ரயில் ஏறி, கடற்கரை நிலையத்தில் மாறி, பறக்கும் ரயிலில் கிரீன்வேஸ் சாலை. வீட்டு வாசலிலிருந்து கணக்கு வைத்தால் போக வர மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. நாலாவது பாதை வேலைக்காக 2023 ஆகஸ்டிலிருந்து ஒரு வருஷத்துக்கு மேல் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே பறக்கும் ரயிலே ஓடவில்லை. அந்த மூன்று மணி நேரம் ஒரு மாணவனின் சாதக நேரம். எந்தக் கல்லூரியின் தரவரிசையிலும் இதைச் சேர்ப்பதில்லை. இந்தக் கணக்குப்படி பார்த்தால், சீர்காழியார் முதலில் படித்த தமிழிசைக் கல்லூரி கடற்கரை நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ராஜா அண்ணாமலை மன்றத்தில் இருக்கிறது. அதை நான் முதல் பட்டியலில் சேர்க்கவே இல்லை. பெயர் பார்த்துத் தேடியதன் லட்சணம்.

இங்கே இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2017 ஜனவரியில் வந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்'. கபேர் வாசுகி எழுத்து, டி.எம். கிருஷ்ணா குரல், எண்ணூர் கழிமுகத்துக்காகப் பாடியது. மூக்கில் முகமூடியோடு அவர் உட்கார்ந்திருக்கும் அந்த வீடியோவில் வருவது எங்கள் பக்கத்துச் சாம்பலும் புகைபோக்கிகளும். பேச்சுத் தமிழை ராகமாலிகையில் பாட முடியும் என்று காட்டியதில் அதற்கு இடம் உண்டு. எனக்கும் பிடித்த பாட்டு. ஆனால் அதைப் பையனுக்குப் போட்டுக் காட்டியபோது அவன் கேட்டது ஒன்றுதான். "இந்த மாதிரிப் பாட எங்க சொல்லித் தர்றாங்க, மாமா?" கர்நாடக இசை ஒரு நாள் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து போயிருக்கிறது. திரும்பிப் போகிற ரயிலில் இங்கிருந்து ஒருவனை ஏற்றிக்கொள்ள வழி இல்லை. இது அந்தப் பாடகரின் தவறு என்று சொல்ல வரவில்லை. ஒரு பாட்டால் ஆகிற காரியமும் இல்லை.

தனியார் பக்கமும் பார்த்தோம். ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் மேற்கத்திய இசை, பியானோ, இசைத் தொழில்நுட்பம் எல்லாம் உண்டு. கீபோர்டுக்காரனுக்கு இயல்பான இடம்தான். ஆனால் கட்டணத்தைக் கேட்டதும் அக்கா வீட்டுக்காரர் பேச்சை மாற்றிவிட்டார். இப்படிப்பட்ட படிப்புகளுக்குப் போவதற்கு முன் டிரினிட்டி மாதிரி கிரேடு தேர்வுகள் எழுதியிருந்தால் நல்லது என்றார்கள். ஸ்டாஃப் நோட்டேஷன் படிக்கத் தெரிய வேண்டும். பெயர்தான் வேறு, அதுவும் ஒரு சரளி வரிசை.

நடுவில் அவனிடம் பேசியதில், அவனுக்கு உண்மையில் பிடித்தது ரெக்கார்டிங் என்று சந்தேகம் வந்தது. அப்படியானால் தரமணி அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவு படிக்கலாம். ஆனால் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும். இவன் காமர்ஸ். இசையில் ஆசை இருக்கிற பிள்ளைகளுக்குப் பதினோராம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே இதைச் சொல்ல வேண்டும். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

அவன் படித்த அரசுப் பள்ளியில் பாட்டு வாத்தியார் இருந்ததே இல்லை. 2012இல் தமிழக அரசு 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை எடுத்தது. உடற்கல்வி, ஓவியம், தையல், கணினியோடு இசையும் அதில் உண்டு. தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். நிரந்தரம் கேட்டு அவர்கள் அன்றிலிருந்து போராடிக்கொண்டிருக்கிறார்கள். இதில் இரண்டு அடி இருக்கிறது. ஆறாம் வகுப்பில் ஒருவர் சரளி வரிசை சொல்லித் தந்திருந்தால் அந்த நாலு நிமிஷம் வேறு மாதிரி போயிருக்கும். அது முதல் அடி. இவன் கல்லூரி முடித்து வந்தால் கிடைக்கக்கூடிய வேலையும் அதேதான் என்பது இரண்டாவது. அக்காவுக்கு இரண்டாவதுதான் கவலை. அந்தக் கவலையை அலட்சியம் செய்ய எனக்கு உரிமை இல்லை.

முதல் படிக்கென்றே அரசு வைத்திருக்கும் இடம் மாவட்ட அரசு இசைப் பள்ளிகள். மாநிலத்தில் 17 இருக்கின்றன. அங்கே சரளியிலிருந்துதான் தொடங்குவார்கள். நுழைவுத் தேர்வின் மறுபக்கம் என்று அவற்றைச் சொல்லலாம். நான் பார்த்ததிலேயே நேர்மையான ஏற்பாடு அதுதான். நாங்கள் யோசித்தது காஞ்சிபுரம் பள்ளியை. தினமும் போய்வருகிற தூரம் இல்லை. பதினாலு வயசில் தெரிந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம்.

கடைசியில் பையனைப் பொன்னேரி அரசுக் கல்லூரியில் பி.காம். சேர்த்தார்கள். நான் தோற்றுவிட்டதாகத்தான் முதலில் நினைத்தேன். அந்த நாலு நிமிஷ அம்மா சொன்னபடியே, திருவொற்றியூரில் ஓய்வுபெற்ற ஒரு பாட்டு வாத்தியாரிடம் சனி, ஞாயிறு போகிறான். அவர் கீபோர்டைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. "வாயால பாடு, அப்புறம் கட்டைல தேடு" என்றாராம். மூன்றாவது வாரம் மாயாமாளவகௌளை ஆரோகணத்தை வாசித்துக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தி, "மாமா, இத நான் ஆடியில மூணு வருஷமா வாசிக்கிறேன்" என்றான்.

இப்போது அலங்காரம் நடக்கிறது. அடுத்த வருஷ விண்ணப்பம் எப்போது தருவார்கள் என்று பார்த்துச் சொல்லும் வேலை என்னுடையது. கடற்கரை வரைக்கும் சீசன் டிக்கெட் எவ்வளவு என்று அக்கா நேற்றே கேட்டாள்.