அடி மண்ணுக்கு, ஆள் வீட்டுக்கு

கதாயுத்தத்தில் இடுப்புக்குக் கீழே அடிப்பது தப்பாட்டம். பீமன் அதைத்தான் செய்கிறான், பலராமன் கொதிக்கிறான். வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழாவின் முடிவில் வரும் துரியோதனன் படுகளத்தை நான் பார்க்கப் போவதே அந்த ஓர் அடிக்காகத்தான்.

மைதானத்தில் மண் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். இரவெல்லாம் கூத்தாடிய களைப்போடு பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அவனைச் சுற்றி ஓடுகின்றன. மேளம் ஏற ஏற, துரியோதனன் ஆடுபவருக்கு ஆவேசம் வந்துவிடும். கண் நிலைகுத்தும், புஜக்கட்டை கட்டிய தோள் உதறும். பீமனும் தன்வசத்தில் இருக்கமாட்டார், இரண்டு பேர் இடுப்பைப் பிடித்தபடி கூடவே ஓடவேண்டும். அத்தனை வெறியிலும் கதாயுதம் இறங்குவது மண் தொடையில். அங்கே புதைத்து வைத்த செந்நீரைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிவாள். ஷூ கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சாய்ந்து விழும் துரியோதனனைத் தாங்கி, தண்ணீர் தெளித்து, திருநீறு பூசி எழுப்புவார்கள். சற்று நேரத்தில் அவர் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

மற்ற அடவுகளெல்லாம் பயிற்சியில் வரும். கைக்கெட்டும் தூரத்தில் எதிரி நிற்க, ஆவேசத்திலும் மண்ணை மட்டும் அடிக்கிற குறிக்குத்தான் என் முழு மதிப்பெண். துகில் உரியும் இரவில் சேலையைத் தொடுமுன் துச்சாதனன் வேஷக்காரர் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்பதும் இதே கணக்குதான். வேஷம் வேறு, ஆள் வேறு என்பதைக் கூத்து மறப்பதே இல்லை.

தொலைக்காட்சி மறந்துவிட்டது. 2005-ல் தொடங்கி 15 சீசன் ஓடிய ‘சூப்பர்நேச்சுரல்’ அமெரிக்கத் தொடரில், ஆரம்பத்தில் அண்ணனும் தம்பியும் மந்திரம் சொல்லிப் பேயை விரட்டுவார்கள். புகுந்த பேய் போனால் ஆள் பிழைக்க வழி இருந்தது. பிறகு பேயைக் கொல்லும் கத்தி ஒன்று கைக்கு வந்தது. குத்தினால் பேயோடு ஆளும் காலி. நான்காம் சீசனில், பேய் புகுந்து செத்துப்போன பெண்ணின் ஆவி வந்து, உள்ளே ஒரு பெண் இருந்தாளே என்று நியாயம் கேட்கும். அதற்கப்புறமும் கத்தி ஓயவில்லை. இன்னொரு உயிர் போகப்போகிற நொடியில் வேறு வழியே இல்லையென்றால் குத்துவதை நான் ஏற்பேன். மந்திரம் தெரிந்தவன் நேரம் மிச்சம் என்று குத்தினால் அது கொலை.

அதே 2005-ல் பி. வாசுவின் ‘சந்திரமுகி’ வந்தது. பழி பொம்மையோடு எரிந்துபோகிறது, சந்திரமுகி பிடித்த கங்கா பிழைக்கிறாள். படுகளத்து உத்திதான்.

கதைதானே என்று விடமுடியவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகை பற்றியெரிந்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. பேய், செய்வினை என்று சொல்லித்தான் எத்தனையோ பேரை அந்த ஊர் தர்காவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1957 முதல் இருக்கிறது. நோயாளியோடு வீட்டாரும் தங்கலாம். உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று அக்கம்பக்கம் சொன்னால், வேப்பிலையை ஓங்கும் முன் அவரை அங்கே கூட்டிப்போங்கள்.