கூடத்துக்குள் ஒரு நேர நிலையம்

என் தமையனார் ஜப்பானில் உத்தியோகம் பார்த்துத் திரும்புகையில் கொண்டுவந்த ஸைகோ சுவர்க்கடிகாரம், மங்கலம்பேட்டையில் எங்கள் கூடத்தில் பல வருஷங்களாக மற்றக் கடிகாரங்களைப் போலவே மாதத்திற்குச் சில விநாடி பிசகி ஓடிக்கொண்டிருந்தது. அதன் விசேஷ சக்தியை அறிந்திருந்தபடியால், பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாயிருக்கும். ஃபுகுஷிமா மாகாணத்து ஒடகதோயா மலையில் 1999-ல் தொடங்கிய ஜேஜேஒய் நிலையம் 40 கிலோஹெர்ட்ஸ் நெட்டலையில் அனுப்பும் நேரக்குறிப்பைக் கேட்டுத் தன்னைத் தானே திருத்திக்கொள்வதற்கென்று செய்யப்பட்ட யந்திரம் அது. 6,000 கிலோமீட்டருக்கு இப்பால் அந்தக் குரலை அதனால் பிடிக்க முடியவில்லை. நம் தேசத்திலோ, டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் ஏடிஏ என்ற அழைப்புக்குறியோடு ஒரு காலத்தில் சிற்றலையில் நேரம் ஒலிபரப்பியதுண்டே தவிர, இத்தகைய கடிகாரங்களுக்கான நெட்டலை நிலையம் கிடையாது.

ஆகவே நிலையத்தையே வீட்டுக்குள் அமைத்தேன். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய இஎஸ்பி32 பலகை, பழைய டிரான்சிஸ்டரிலிருந்து கழற்றிய ஃபெரைட் தண்டின்மேல் 140 சுற்று எனாமல் கம்பி, 10 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்று, இவ்வளவே. இணையத்திலிருந்து நேரம் பெறும் பலகை, விநாடிதோறும் அலையை 0.8 விநாடி உயர்த்திப் பிடித்தால் சுழி, 0.5 ஆனால் ஒன்று, 0.2 ஆனால் எல்லைக்குறி என்னும் ஜப்பானிய சங்கேதத்தில் நம் இந்திய நேரத்தைச் சொல்ல, கடிகாரம் அதைச் சொந்த ஊர்ச் செய்தியாகவே ஏற்றுக்கொள்கிறது. இரவு 2 மணிக்கு முட்கள் தாமாகச் சுழன்று சரியான நிமிஷத்தில் வந்து நின்றதை முதன்முதல் கண்டபோது தமையனாரை எழுப்பிக் காட்டினேன்.

தண்டு கடிகாரத்திற்கு ஒரு முழத்துக்குள் இருக்கவேண்டும். அருகே மலிவான எல்இடி விளக்கு எரியலாகாது. இவை பொறுக்கத்தக்கவை. பொறுக்கமுடியாத குறை வேறொன்று.

ஐப்பசி மழையில் ஓரிரவு மின்சாரம் போய், 2 மணிக்குச் சற்று முன் மீண்டது, இணையம் மீளவில்லை. நேரம் அறியாத பலகை, தன் பிறவிக் கணக்கான 1970 ஜனவரி 1, காலை 5.30-லிருந்து எண்ணத் தொடங்கி, அதையே சிரத்தையோடு ஒலிபரப்பிற்று. கடிகாரமும் நம்பி மூன்றரை மணி நேரம் முன்னே ஓடிவிட்டது. அதைப் பார்த்துப் பதறிக் குளித்துவிட்டு விருத்தாசலம் பேருந்துக்குப் புறப்பட்ட தமையனார், இருள் விலகாத தெருவில் நெடுநேரம் நின்றுவிட்டுத் திரும்பினார். எழுபது வயதானவரை அப்படி அலையவைத்ததற்காக நான் பட்ட மனஸ்தாபம் கொஞ்சமன்று.

மறுவாரமே, நாணய பாட்டரியில் ஓடும் டிஎஸ்3231 நேரச்சில்லு ஒன்றை இணைத்து, சில்லும் இணையமும் இரண்டும் கைவிட்டால் மௌனமாயிருக்கும்படி நிரலையும் மாற்றினேன். அதற்குப்பின் ஆறு வாரத்தில் ஒருநாளும் பிசகில்லை. இப்பெட்டியைக் கட்ட விரும்புவோர் அந்தச் சில்லை முதலில் வாங்குங்கள். கம்பி சுற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.